ஊர் கலைந்தது, ஆட்டம் கலையவில்லை!

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் கரையோரப் பெருந்தெருவில், வாழைச்சேனையைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்வோர் பனிச்சங்கேணிப் பாலத்தில் சற்றே நின்று செல்வதுண்டு. ஒருபால் களப்பு, மறுபால் கடல். பனிச்சை மரமும் கேணியும் சேர்ந்து பெயர் கொடுத்த ஊர் இது. நைலோன் வலை வருமுன்னர், பருத்தி நூலால் முடைந்த வலைகளைப் பனிச்சங்காயின் சாற்றிலே தோய்த்து உலர்த்துவது கடற்றொழிலாளர் வழக்கம். அவ்வாறு துவர் ஏறிய வலை உப்பு நீரில் எளிதில் இற்றுப்போவதில்லை. வலைக்கு உரமூட்டிய மரம் ஊருக்கும் பெயராகி நின்றது பொருத்தமே.

அண்மையில் ஒரு மாலைப் பொழுதில் நாம் அங்குச் சென்றிருந்தோம். மணற்றிடலில் சிறுவர் சிலர் கூடி ஆரவாரித்துக் கொண்டிருந்தனர். அவர்கள் நடுவே கிடந்த பந்தோ நாம் பழகிய பந்தன்று. இருமுனையும் கூம்பி, பெரியதொரு முட்டையைப் போன்றிருந்தது. மெல்பேண் நகரில் வாழும் மாமன் ஒருவர் தம் மருமகனுக்கு அனுப்பிய பரிசாம் அது! உதைத்தால் ஒரு திசை, துள்ளினால் மறு திசை என்று அது ஓட, சிறுவர் அதன்பின் ஓடிக் களைத்தனர். எம்மைக் கண்டதும் ஒருவன் அதைத் தூக்கிவந்து, "ஐயா, இதை எப்படி விளையாடுவது?" என்று கேட்டான்.

அன்று அவனுக்கு அரைகுறையாகவே மறுமொழி கூறி வந்தோம். வீடு திரும்பி ஏடுகளைப் புரட்டியபோது, அவன் வினாவுக்குரிய விடை எம்மை அவுஸ்திரேலியாவின் ஆற்றங்கரையொன்றுக்கு இட்டுச் சென்றது. அங்கே ஒரு சிற்றூர். அவ்வூருக்கு ஓர் ஆட்டக் கழகம். அவ்வூர்ப் பள்ளியிலே தமிழ் மரபில் வந்த ஓர் ஆசிரியர். இக்கதையை எம் வாசகர்களுக்கும், அந்தச் சிறுவனுக்கும் இங்கே கூறுகின்றோம்.

முட்டைப் பந்தின் சட்டம்

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டொரு சொல். 1858ஆம் ஆண்டு யூலை மாதம், மெல்பேணில் புகழ் பெற்றிருந்த கிரிக்கெட் வீரர் தொம் வில்ஸ் என்பவர் பத்திரிகையொன்றுக்குக் கடிதம் எழுதினார். குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர் உடற்பயிற்சியின்றிச் சோர்ந்துவிடாதிருக்க, உதைபந்தாட்டக் கழகம் ஒன்று அமைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. மறு ஆண்டு மே 17ஆம் நாள், அவரும் நண்பர் சிலரும் கூடி ஆட்டத்திற்குரிய விதிகளை எழுதி வைத்தனர். உலகில் இன்று ஆடப்படும் உதைபந்தாட்ட வகைகளுள் மிகப் பழைய எழுத்து விதிகளைக் கொண்டவற்றுள் இதுவும் ஒன்று.

நீள்வட்டமான பெருந்திடலிலே, பக்கத்திற்குப் பதினெண்மர் ஆடுவர். இரு முனைகளிலும் நந்நான்கு கம்பங்கள் நிற்கும். நடு இரு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் 6 புள்ளி. பக்கக் கம்பங்களுக்கிடையே சென்றால் 1 புள்ளி. பந்தைக் கையிலேந்தி ஓடலாம். ஆயினும் 15 மீற்றருக்கு ஒருமுறையேனும் அதைத் தரையில் மோதியெடுக்கவோ தொடவோ வேண்டும். தோழனுக்கு எறிதல் ஆகாது. ஒரு கையில் வைத்து, மறு கையின் முட்டியாற் குத்தியே அனுப்ப வேண்டும். உதைத்து வரும் பந்தை நிலத்தில் விழுமுன் துள்ளிப் பிடித்தவனை எவரும் தடுக்கலாகாது. அவன் நிதானமாக நின்று உதைக்கலாம். எதிரியின் தோள்மேலேறிப் பந்தைப் பிடிக்கும் வீரனைக் கண்டு மக்கள் எழுந்து நின்று ஆர்ப்பரிப்பர்.

தென் அவுஸ்திரேலிய மாநிலங்களில், ஊர்தோறும் இவ்வாட்டத்திற்கு ஒரு கழகம் உண்டு. எமது ஊர்களில் கோயில் திருவிழா எப்படியோ, அங்கே சனிக்கிழமை ஆட்டம் அப்படி. அன்று யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்த்தே ஊரின் நலம் அறிவர்.

ஆற்றங்கரைக்கு வந்த தமிழர்

நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா ஆகிய இரு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடுவது மரே ஆறு. அதன் கரைகளிலே தொன்றுதொட்டு வாழ்ந்தவர் யோர்ட்டா யோர்ட்டா எனப்படும் ஆதிக்குடியினர். மீனும் ஆமையும் காட்டுக் கிழங்கும் அவர்தம் உணவு. வெள்ளையர் ஆடு மாடுகளுடன் வந்து நிலங்களைக் கைக்கொண்ட பின்னர், அம்மக்கள் தம் ஆற்றங்கரையிலேயே அந்நியராயினர். அவர்களுக்கு அடைக்கலமாக, டானியல் மத்தியூஸ் என்னும் கிறித்தவத் தொண்டர் 1874ஆம் ஆண்டில் மலோகா என்ற இடத்திலே ஒரு குடியிருப்பை அமைத்தார்.

1881ஆம் ஆண்டில் மெல்பேண் கடற்கரையிலே மத்தியூஸ் ஓர் இளைஞரைச் சந்தித்தார். அவர் பெயர் தோமஸ் சாத்ராக் ஜேம்ஸ். 1859இல் மொறீசியஸ் தீவிலே தமிழ் மரபில் பிறந்தவர். கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காகத் தமிழர் பலர் கப்பலேறிச் சென்ற தீவு அது. இளமையிலே வீட்டை விட்டு வெளியேறி அவுஸ்திரேலியா வந்த ஜேம்ஸ், மருத்துவம் கற்க முயன்றார் என்றும், நெருப்புக்காய்ச்சல் கண்டு கைநடுக்கம் ஏற்பட்டதால் அக்கனவு கலைந்தது என்றும் கூறுவர். மத்தியூசின் சொல்லைக் கேட்டு, மலோகாப் பள்ளிக்கு ஆசிரியராகச் சென்றார். சிறிது காலம் உதவி வருவதற்காகச் சென்றவர் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அம்மக்களுக்கே ஆசிரியராயிருந்தார். அக்குலத்துப் பெண்ணான ஏடா கூப்பரை மணந்து, அவர்களுள் ஒருவராகவே ஆனார். முதுமையில் ஊரார் அவரை 'ஜேம்ஸ் தாத்தா' என்றே அழைத்தனர்.

1888ஆம் ஆண்டில் மலோகா மக்கள் அரசாங்க ஒதுக்கு நிலமாகிய கம்மரகுஞ்சாவிற்குக் குடிபெயர்ந்தனர். அச்சொல்லுக்கு 'எமது இல்லம்' என்பது பொருள் என்பர். பள்ளியும் கூடவே பெயர்ந்தது. ஆதிக்குடிச் சிறுவர்க்கு எழுத்தறிவே மிகை என்று பலர் எண்ணிய அக்காலத்தில், ஜேம்ஸ் பகலிலே பிள்ளைகளுக்கும் இரவிலே பெரியோருக்கும் கற்பித்தார். எழுதவும், கூட்டத்தில் எழுந்து பேசவும், விண்ணப்பம் வரையவும் அவர்கள் கற்றுக்கொண்டனர். அவருடைய மனைவியின் உடன்பிறந்தாரான வில்லியம் கூப்பர், வளர்ந்த பின்னரே எழுத்தறிந்தவர். அவரே பிற்காலத்தில் ஆதிக்குடியினர்க்குப் பாராளுமன்றத்தில் இடம் வேண்டி ஐந்தாம் ஜோர்ஜ் மன்னருக்கு 1,814 கையொப்பங்களுடன் விண்ணப்பம் திரட்டினார். அவ்விண்ணப்பத்தை மன்னரிடம் அனுப்ப அவுஸ்திரேலிய அரசாங்கம் மறுத்துவிட்டது. ஆயினும் திரட்டிய கை சோரவில்லை.

கம்மரகுஞ்சா அணி

பள்ளிக்கூடம் போலவே அவ்வூரார்க்குப் பெருமை தந்த மற்றொன்று ஆட்டத்திடல். 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்திலேயே கம்மரகுஞ்சா அணி அயலூர் அணிகளுடன் மோதத் தொடங்கிவிட்டது. 1920களின் பிற்பகுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் அவ்வட்டாரப் போட்டிகளில் அது பன்முறை வாகை சூடியது.

இதன் பொருளை வாசகர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அம்மக்களுக்கு வாக்குரிமை ஒழுங்காக இல்லை. ஊரைவிட்டுச் செல்வதற்கும் ஊருக்குள் வருவதற்கும் அதிகாரியின் அனுமதி வேண்டும். குடும்பங்கள் சிலவற்றுக்கு முன்னர் அளிக்கப்பட்ட பயிர் நிலங்களும் 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே திரும்பப் பறிக்கப்பட்டன. பெண்பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தொலைவிலுள்ள பயிற்சி இல்லங்களுக்கு அனுப்பும் கொடுமையும் நிகழ்ந்தது. இத்தனைக்கும் நடுவே, சனிக்கிழமை பிற்பகல் மட்டும் இரு பக்கத்திற்கும் ஒரே சட்டம்! வெள்ளையன் உதைத்தாலும் 6 புள்ளி, கறுப்பன் உதைத்தாலும் 6 புள்ளி. சட்டம் சமமாக இருந்த ஒரேயிடம் அந்தப் புற்றரை. அங்கே அவர்கள் வென்று காட்டினர்.

ஐந்தடி வீரர்

அப்புற்றரையில் வளர்ந்தவரே டக்ளஸ் நிக்கல்ஸ். 1906ஆம் ஆண்டு கம்மரகுஞ்சாவிலே பிறந்து, அவ்வூர்ப் பள்ளியிலே பயின்றவர். எட்டு வயதுச் சிறுவனாயிருந்தபோது தம் தமக்கையை அதிகாரிகள் பிரித்துக் கொண்டுபோனதைக் கண்ணாற் கண்டவர். வளர்ந்த பின்னரும் அவர் உயரம் ஐந்தடி இரண்டங்குலமே. ஆனால், ஓட்டத்தில் அவரை எட்டிப் பிடித்தவர் சிலரே.

1927ஆம் ஆண்டில் மெல்பேணின் பெருங்கழகங்களுள் ஒன்றான கார்ல்டனில் சேர முயன்றார். அவர் நிறத்தைக் காரணமாகக் கொண்டு, அவர் உடம்பில் எண்ணெய் தேய்த்துவிடவும் அங்கிருந்தோர் மறுத்தனர். வீரர் சிலர் அவருடன் உடைமாற்றும் அறையிலிருக்கவும் விரும்பவில்லை. நிக்கல்ஸ் சண்டையிடவில்லை. வெளியேறி, நோர்த்கோட் என்ற கழகத்தில் சேர்ந்தார். 1929இல் அக்கழகம் வாகை சூடியபோது அதன் புகழ்பெற்ற வீரராயிருந்தார். 1932இல் பிற்ஸ்ரோய் கழகம் அவரை வரவேற்றது. அங்கும் முதல் நாளில் அவர் ஒதுங்கித் தனியே உட்கார்ந்திருந்தாராம். அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரான ஹெய்டன் பண்டன் எழுந்துவந்து அவர் அருகில் அமர்ந்தார். ஒருவர் எழுந்து வந்து அருகில் உட்காருவது சிறிய செயல். ஆனால் அறையிலிருந்த அத்தனை பேருக்கும் அது ஒரு பாடமாயிற்று. 1935இல் நிக்கல்ஸ் விக்டோரியா மாநில அணிக்கே தெரிவானார்.

ஆட்டத்தில் பெற்ற புகழை அவர் தம் மக்களுக்கே செலவிட்டார். போதகராகி, ஆதிக்குடியினர் உரிமைக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தார். 1972இல் ஆதிக்குடியினருள் முதல்வராக 'சேர்' பட்டம் பெற்றார். 1976இல் தென் அவுஸ்திரேலிய மாநிலத்தின் ஆளுநரானார். 1988இல் அவர் மறைந்தார். இன்று ஆண்டுதோறும் அவுஸ்திரேலியாவின் தேசிய உதைபந்தாட்டப் போட்டியில் ஒரு சுற்று அவர் பெயராலேயே ஆடப்படுகின்றது.

ஆற்றைக் கடந்த நாள்

கம்மரகுஞ்சாவின் நிலையோ வரவரச் சீர்கெட்டது. உணவுப் பங்கீடு குறைந்தது, நோய் மலிந்தது, மேற்பார்வையாளரின் கடுமை எல்லை மீறியது. 1939ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள், அவ்வூரில் பிறந்தவரான ஜாக் பற்றன் மக்களைக் கூட்டிப் பேசினார். 150க்கும் மேற்பட்டோர் பிள்ளைகளையும் பாயையும் பாத்திரங்களையும் சுமந்துகொண்டு மரே ஆற்றைக் கடந்து, விக்டோரியா மாநிலத்துப் பார்மா என்ற இடத்தில் பாளையமிறங்கினர். பற்றன் கைது செய்யப்பட்டார். அவுஸ்திரேலிய ஆதிக்குடியினர் ஊரோடு திரண்டு நிகழ்த்திய முதலாவது பெரும் எதிர்ப்பு என்று வரலாற்றாசிரியர் இதனைப் போற்றுவர்.

சென்றவர்களுட் பலர் திரும்பவில்லை. 'எமது இல்லம்' என்று பெயரிட்ட ஊர் கலைந்தது. ஷெப்பர்ட்டன், மூருப்னா என்னும் இரு நகரங்களுக்கிடையே, கோல்பேண் ஆற்றின் வெள்ளத் தாழ்நிலத்தில், தகரமும் சாக்கும் கொண்டு குடிசை கட்டினர். தோட்டங்களிலே பழமும் தக்காளியும் பறித்தனர். பழங்களைத் தகரத்திலடைக்கும் தொழிற்சாலைகளில் வேலை செய்தனர். 1954இல் எலிசபெத் மகாராணியார் அவ்வழியே பவனி வந்தபோது, குடிசைகள் அவர் கண்ணிற் படாதிருக்கத் தெருவோரத்தில் சாக்குத் துணியைத் திரையாகக் கட்டினர் என்று அம்மக்கள் இன்றும் சொல்லுகின்றனர்.

1958இல் அவர்களுக்கெனச் சில கல்வீடுகள் எழுந்தன. அக்குடியிருப்பின் பெயர் ரம்பலாரா. 'வானவில்லின் முடிவிடம்' என்பது அதன் பொருள். ஜேம்ஸ் தாத்தா இவற்றுட் பலவற்றைக் காணவில்லை; 1946இல் ஷெப்பர்ட்டனில் அவர் கண்மூடினார்.

மீண்டும் எழுந்த கழகம்

ஊர் போனபின் ஊரின் அணி என்னவாகும்? ஆட்டக்காரர் அயலூர்க் கழகங்களுக்குச் சிதறினர். ஒவ்வொரு கழகத்திலும் இருவர், மூவர். அவர்கள் ஆடியபோது கைதட்டியவர் உண்டு; ஆட்டம் முடிந்தபின் வீட்டுக்கு அழைத்தவர் சிலரே. தம் பெயரில், தம் திடலில், தம் பிள்ளைகள் ஆட வேண்டும் என்ற ஏக்கம் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குச் சென்றது. போல் பிரிக்ஸ் என்பாரின் தலைமையில் ரம்பலாராக் கழகத்தினர் வட்டாரச் சங்கங்களை அணுகினர். மீண்டும் மீண்டும் மறுப்பே விடையாயிற்று. ஈற்றில், 1997ஆம் ஆண்டில் போட்டிச் சங்கமொன்று கதவைத் திறந்தது. உள்ளே நுழைந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே ரம்பலாரா வாகை சூடியது!

எமது பெண்பிள்ளைகள் பாடசாலையில் ஆடும் வலைப்பந்தாட்டம் உதைபந்தாட்டத்தோடு சமமாக இக்கழகத்தின் பெயரிலேயே உண்டு. ஆண்கள் ஒரு திடலில், பெண்கள் அருகே. பாட்டிமார் பேரப்பிள்ளைகளோடு வேலியோரத்தில். ஆட்டத்தோடு கழகத்தின் பணி முடிவதில்லை. இளைஞரின் உடல்நலம், கல்வி, வேலைவாய்ப்பு ஆகியவற்றையும் அது தன் கடமையாகக் கொண்டது.

அதே காலத்தில் மற்றொரு களத்திலும் யோர்ட்டா யோர்ட்டா மக்கள் போராடிக் கொண்டிருந்தனர். தம் ஆற்றங்கரை நிலத்துக்குப் பூர்வீக உரிமை வேண்டி அவர்கள் தொடுத்த வழக்கில் 1998ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. வரலாற்றின் அலை அவர்தம் பழைய வழக்கங்களைக் கழுவிச் சென்றுவிட்டது. ஆகவே உரிமையும் இல்லை என்ற கருத்துப்பட நீதிபதி தீர்ப்பளித்தார். 2002இல் நாட்டின் உயர் மன்றமும் அவர்களது முறையீட்டைத் தள்ளிற்று.

அலை கழுவிச் சென்றதாம்! நீதிமன்றம் அவ்வாறு கூறிய அதே ஆண்டுகளில், சனிக்கிழமை தோறும் கம்மரகுஞ்சாவின் பேரப்பிள்ளைகள் ஒரே நிறச் சட்டையணிந்து திடலில் இறங்கினர். பாட்டன் பெயர் சொல்லிப் பேரனை அழைத்தனர் முதியோர். மக்கள் ஒரு கூட்டமாய் வாழ்ந்து வருகின்றனர் என்பதற்கு இதனினும் சான்று வேறு வேண்டுமோ? நிலவுரிமையைத் தரக் கழகத்தால் இயலாது, அது உண்மை. எனினும் நிலத்துக்குரியவர் யாவர் என்பதை மறவாமல் வைத்திருக்க அதனால் இயன்றது.

ஊதுகுழல் ஒலித்தது

இன்னுமொரு செய்தியைக் கூறாமல் இக்கதையை முடித்தல் ஆகாது. 1982ஆம் ஆண்டு, மெல்பேண் கிரிக்கெட் திடலிலே ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடியிருந்த இறுதியாட்டத்தில், நடுவர்களுள் ஒருவராக ஊதுகுழலுடன் நின்றவர் கிளென் ஜேம்ஸ். ஆதிக்குடியினர் ஒருவர் அப்பணியில் நின்றது அதுவே முதன்முறை. 1984இலும் அப்பெருமை அவருக்கு மீண்டும் வாய்த்தது. அவர் வேறு யாருமல்லர். மொறீசியசிலிருந்து வந்த தமிழ் மரபினரான அந்த ஆசிரியரின் வழித்தோன்றல்களுள் ஒருவரே! 1982இல் அந்த ஊதுகுழலுக்குக் கட்டுப்பட்டு ஆடிய இரு கழகங்களுள் ஒன்று எது தெரியுமா? நிக்கல்சைத் திருப்பியனுப்பிய அதே கார்ல்டன். 55 ஆண்டுகளில் காலம் எவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டது!

மீண்டும் பனிச்சங்கேணியில்

இக்கதையை நாம் பனிச்சங்கேணிச் சிறுவனுக்கு ஏன் சொல்ல விழைந்தோம் என்று வாசகர்கள் வினவலாம். அவன் ஊரும் அலை கண்ட ஊரே. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. அத்துயர் ஆறுமுன், 2006ஆம் ஆண்டிலும் 2007இன் தொடக்கத்திலும் மூண்ட போரினால் வாகரைப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்து, வாழைச்சேனையிலும் மட்டக்களப்பிலும் முகாம்களில் வாழ்ந்தனர். பின்னரே திரும்பினர். கடலையும் காட்டையும் நம்பிக் காலங்காலமாக வாழ்ந்துவரும் கரையோர வேடர் குடும்பங்களும் இவ்வட்டாரத்தில் உண்டு. அவர்கள் இன்று தமிழே பேசுவோர். ஆதிக்குடி என்னும் சொல் எமக்குத் தொலைதூரச் சொல்லன்று.

வீடு கட்டக் கல்லும் மணலும் போதும். ஊர் கட்ட அவை போதா. மாலையில் பிள்ளைகள் கூடும் ஒரு திடல், அத்திடலுக்கு ஒரு பெயர், அப்பெயருக்காக வியர்வை சிந்தும் இளைஞர், அவர்களைப் பார்த்து 'இவன் இன்னாரின் பேரன்' என்று சொல்லும் ஒரு முதியவர் — இவை சேர்ந்தால்தான் ஊர். சிறு விளையாட்டுக் கழகத்தை வீண்பொழுதென்று எண்ணும் பெற்றோரும், திடலுக்கென ஒதுக்கிய நிலத்தை வேறு தேவைக்குக் கொடுக்க எண்ணும் பெரியோரும் இதனைச் சிறிது சிந்திக்க வேண்டுகின்றோம்.

பருத்தி வலை இற்றுப்போகாதிருக்கப் பனிச்சங்காயின் சாறு உதவியது. கம்மரகுஞ்சா மக்களுக்கு அவர்தம் பள்ளியும் கழகமும் அந்தச் சாறாக இருந்தன. சிதறினார்கள், ஆனால் இற்றுப்போகவில்லை.

தம்பி, உன் கேள்விக்கு விடை இதுதான். அந்தப் பந்து எப்பக்கம் துள்ளும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே, அதைத் தனியே துரத்தாதே. பக்கத்தில் தோழர்களை நிறுத்திக்கொண்டு ஆடு!